டூப்ளிகேட் தேடுற ஆட்-ஆன் போட்டேன், கேட்லாக்கே காலி

போட்டோ மேனேஜ் பண்ற சாஃப்ட்வேருக்கு வெளியாள் கிட்ட ஆட்-ஆன் வாங்கிப் போடப் போறவங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. மூணு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அந்த எரிச்சல்ல எழுதுறேன், கோர்வையா இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.

என்கிட்ட நாப்பதாயிரத்துக்கு மேல படம் இருக்கு, அதுல பாதி ஒரே படம் ரெண்டு மூணு ஃபோல்டர்ல கிடக்கும். டூப்ளிகேட் எல்லாத்தையும் கண்டுபிடிச்சு தரும்னு ஒரு ஆட்-ஆன், 'எல்லா வெர்ஷன்லயும் வேலை செய்யும்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், வாங்கிட்டேன். மொத நாள் நல்லாதான் ஓடுச்சு, ராத்திரி முழுக்க ஏதோ ஸ்கேன் பண்ணுச்சு. மறுநாள் மெயின் சாஃப்ட்வேர் தானா அப்டேட் ஆச்சு, அவ்ளோதான், லோகோ வரும், ரெண்டு செகண்ட் நிக்கும், மறைஞ்சிரும்.

ஆட்-ஆன தூக்கலாம்னா அதுக்கான மெனு சாஃப்ட்வேருக்கு உள்ள இருக்கு, சாஃப்ட்வேரே திறக்கல. அதனால ஆட்-ஆன் உக்காந்திருக்கற ப்ளக்-இன் ஃபோல்டர தேடிப்பிடிச்சு பேர மாத்தி வச்சேன். உங்களுக்கும் இந்த மாதிரி ஆனா மொதல்ல இததான் செய்யணும், அழிக்காதீங்க, பேர மட்டும் மாத்துங்க. என்ன செஞ்சுதுன்னு வரிவரியா குறிச்சு வைக்கற லாக் (log) ஃபைல் எழுதுற சாஃப்ட்வேரா இருந்தா அதோட கடைசி வரிய பாருங்க, என்னோடதுல அந்த ஆட்-ஆன லோட் பண்ற இடத்தோட எழுத்து நின்னு போயிருந்துச்சு.

இப்ப திறந்துச்சு, ஆனா கேட்லாக், அதாவது எந்தப் படம் எங்க இருக்கு, அதுக்கு என்ன குறிப்பு போட்டிருக்கோம்னு சாஃப்ட்வேர் எழுதி வைக்கற ஃபைல், வேற எங்கயோ ஓபன்ல இருக்குன்னு மெசேஜ். அது சின்ன விஷயம், க்ராஷ் ஆனப்ப விட்டுட்டுப் போன பழைய பூட்டு ஃபைல் (lock, முன்னாடி சொன்ன log இல்ல), சாஃப்ட்வேர் ஓடலன்னு நல்லா பாத்துட்டு தூக்கிப் போட்டா போதும். அதே வேகத்துல பக்கத்துல '-வால்'னு (-wal) முடியுற ஃபைலையும் அழிக்கப் பாத்தேன், நல்லவேளை கை நின்னுச்சு. கேட்லாக்ங்கறது பெரும்பாலும் ஒரு எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ்தான், கடைசியா செஞ்ச மாற்றங்கள் மெயின் ஃபைல்ல சேராம அந்த வால் ஃபைல்லயே உக்காந்திருக்கலாம், அத அழிச்சா அதெல்லாம் அதோட போச்சு. காப்பி எடுத்தாலும் ரெண்டையும் சேர்த்து எடுங்க.

பூட்டு ஃபைல் போனதும் அடுத்த எரர், 'அப்படி ஒரு ஃபங்ஷன் இல்ல'ன்னு. சப்போர்ட்டுக்கு எழுதுனேன். ஆட்-ஆன் வித்தவன் மொதல்ல ரீஇன்ஸ்டால் பண்ணுங்கன்னான், அப்புறம் ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுங்கன்னான், அப்புறம் கம்ப்யூட்டர ரிமோட்ல குடுங்க நாங்களே பாக்குறோம்னான், தரமாட்டேன்னு சொன்னதும் கேட்லாக் ரிப்பேருக்கு தனியா காசு ஆகும்னான். உடைச்சவனே ஒட்டவைக்க கூலி கேக்குறான்! ரீஃபண்ட் கேட்டா லைசன்ஸ் கீ ஆக்டிவேட் ஆயிடுச்சாம், தரமுடியாதாம். மெயின் சாஃப்ட்வேர்காரங்க, வெளியாள் ஆட்-ஆனுக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

சரின்னு கேட்லாக்க காப்பி எடுத்து, அந்தக் காப்பிய ஒரு இலவச டேட்டாபேஸ் வியூவர்ல திறந்தேன். இன்டெக்ரிட்டி செக் ஓட்டுனா 'ஓகே'ன்னுது. அத நம்பி ஏமாறாதீங்க, ஃபைலோட அமைப்பு உடையலன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், உள்ள இருக்கற விவரம் சரியா தப்பான்னு அதுக்கு தெரியாது. உள்ள பாத்தா ஆட்-ஆன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ட்ரிக்கர் போட்டு வச்சிருக்கு, அதாவது டேட்டாபேஸ்ல ஏதாவது மாறுனா தானா ஓடுற கட்டளை, அந்த ட்ரிக்கர் கூப்பிடுற ஃபங்ஷன் ஆட்-ஆனுக்குள்ளதான் இருக்கு. ஆட்-ஆன் இருந்தா க்ராஷ், எடுத்தா எரர், ஆப்பசைச்ச குரங்கு கதைதான். காப்பியில ட்ரிக்கர எல்லாம் அழிச்சேன், திறந்துச்சு.

சந்தோஷம் பத்து நிமிஷம்கூட இல்ல. ஸ்கேன் பண்ண ராத்திரியிலேயே அது டூப்ளிகேட்ன்னு நினைச்சதையெல்லாம் தானா ஒண்ணா சேர்த்து மிச்சத்த கேட்லாக்ல இருந்து தூக்கியிருக்கு. எத வச்சு கண்டுபிடிச்சிருக்குன்னா, படம் எடுத்த நேரத்த மட்டும் வச்சு! எக்ஸிஃப்ல, அதாவது கேமரா படத்துக்குள்ளயே எழுதி வைக்கற விவரத்துல, அந்த நேரம் செகண்ட் வரைக்கும்தான் இருக்கும், செகண்டுக்கு கீழ உள்ளது தனியா வேற இடத்துல இருக்கும். தொடர்ந்து படபடன்னு எடுத்த பத்து படமும் அதுக்கு ஒரே படம். அதவிட கொடும, அப்பாவோட பழைய ஆல்பத்த ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன், முன்னூறு படம், தேதி தெரியாததால எல்லாத்துக்கும் 1.1.1970ன்னு போட்டிருந்தேன். முன்னூறும் ஒண்ணே ஒண்ணாச்சு.

படங்கள் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, கேட்லாக் படத்த வச்சிக்கறதில்ல, இருக்கற இடத்தையும் நாம போட்ட குறிப்பையும்தான் வச்சிக்கும். போனது ஸ்டார், டேக், ஆல்பம், முகத்துக்கு போட்ட பேரு. இந்தக் குறிப்ப எக்ஸ்எம்பி (XMP)ங்கற சின்ன ஃபைலா படத்துக்குப் பக்கத்துலயே எழுதுற செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணியிருந்தா ஸ்டாரும் டேகுமாவது மிஞ்சியிருக்கும், ஆல்பம் என்னோட சாஃப்ட்வேர்ல அதுக்குள்ள போகாது. நான் ஆன் பண்ணல. பேக்கப் கடைசியா எடுத்து அஞ்சு வாரம் ஆச்சு, மூடும்போது கேக்கும், நான் சோம்பேறித்தனமா 'பிறகு'ன்னு அமுக்கிட்டே இருந்தேன், அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆட்-ஆன் போட்டே ஆகணும்னா சும்மா நூறு படம் போட்டு தனி கேட்லாக் ஒண்ணு உருவாக்கி அதுல ஓட்டிப் பாருங்க, நிஜ கேட்லாக்கோட காப்பி வேற டிஸ்க்ல இருக்கட்டும், ஆட்டோ அப்டேட்டயும் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க.

இப்ப அந்த அஞ்சு வார பழைய பேக்கப்லதான் ஓட்டிட்டு இருக்கேன். அப்பா ஆல்பம் அதுக்கப்புறம் ஸ்கேன் பண்ணது, அதனால அம்மாவ பக்கத்துல உக்காரவச்சு முன்னூறு படத்துக்கும் மறுபடி பேர் கேட்டுட்டு இருக்கேன். போன தடவ பெரியப்பான்னு சொன்ன ஆள இந்தத் தடவ அப்பாவோட ஆபீஸ் ஃப்ரெண்டுங்கறாங்க.