ஜோ பாமனை வைத்து பேஸ்பால்-ரெஃபரன்ஸை எடைபோட்டால்

அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாத ஒருவரின் ஆட்டக் கணக்கை ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு பேஸ்பால் புள்ளிவிவரத் தளமான பேஸ்பால்-ரெஃபரன்ஸின் 'ரெஜிஸ்டர்' பகுதிதான் முக்கியக் காரணம். காசு கிடையாது, விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் போதும். அதன் பலம், பலவீனம் இரண்டையும் காட்ட, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குகளில் மட்டுமே ஆடிய ஜோ பாமனின் பக்கம் ஒன்றே போதும்.

தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். மைனர் லீக் பட்டியலில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பிறந்த ஆண்டையும் (1922) ஊரையும் (ஒக்லஹோமாவில் வெல்ச்) ஒப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

முதலில் 1954. அணி நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ராக்கெட்ஸ், ஆடியது லாங்ஹார்ன் லீக். 138 ஆட்டம், 72 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலிக்கு வெளியே பறக்கும் அடி), 224 ஆர்.பி.ஐ. (அவர் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள்), 150 வாக் (அடிக்காமலே முதல் தளத்துக்கு இலவசமாகப் போவது), சராசரி .400. இந்த .400-ஐ கிரிக்கெட் சராசரி மாதிரி படிக்கக் கூடாது. பத்து அட்-பேட்டுக்கு (வாக் போன்றவை சேராத அடிக்கும் வாய்ப்பு) நான்கு ஹிட் (தளத்தை எட்டவைக்கும் அடி) என்று பொருள். பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள்: 498 அட்-பேட், 199 ஹிட். வகுத்தால் .3996 வரும். மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கியதால்தான் அது .400. ஹோம் ரன் கணக்கோ ஏழு அட்-பேட்டுக்கு ஒன்றுக்கும் மேல். மூல எண்ணிக்கைகள் சராசரிக்குப் பக்கத்திலேயே இருப்பது இந்தத் தளத்தின் பெரிய வசதி.

புதியவர்கள் சறுக்குவது லீக்கின் தரத்தைக் காட்டும் 'லெவல்' கட்டத்தில். அதில் 'சி' என்று இருக்கும். அன்று மைனர் லீக்குகளுக்கு மேலிருந்து கீழாக டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி, டி என்று படிகள்; சி என்பது கடைசிக்கு முந்தையது. 1963-இல் பி, சி, டி மூன்றையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றைய படிகளோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு தப்பும். 1954-இல் பாமனுக்கு வயது 32. லீக்கின் சராசரி வயதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதற்குத் தனிக் கட்டமே உண்டு. ராஸ்வெல் 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், காற்று மெலிவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். இதை எந்தக் கட்டமும் சொல்லாது. லீக் பெயரைச் சொடுக்கி, அந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை அடித்தார்கள் என்று பார்த்தால்தான் 72-இன் உண்மையான எடை தெரியும்.

அடுத்தது, இல்லாத வரிசைகள். 1942 முதல் 1945 வரை எதுவும் இல்லை, அது போர்க்காலம், கடற்படையிலும் பணியாற்றினார். 1949 முதல் 1951 வரையும் இல்லை, ஆனால் அவர் ஆடாமல் இல்லை. மேஜர் லீக் அணியான பாஸ்டன் பிரேவ்ஸ் தர முன்வந்த சம்பளம் போதாமல் ஒக்லஹோமாவின் எல்க் சிட்டியில் அரைத்தொழில்முறை அணிக்குப் போனார். அந்த ஆட்டங்கள் அங்கீகரிக்கப்பட்ட லீக்குகளின் கணக்கில் சேராது. இருபத்தேழு முதல் இருபத்தொன்பது வயது வரை, ஒரு அடிப்பாளரின் பொன்னான மூன்று ஆண்டுகள், வெறும் இடைவெளியாகப் போய்விட்டன. 337 என்ற மொத்த ஹோம் ரன்னைப் படிக்கும்போது இதை மனதில் வைத்தே ஆக வேண்டும். 1948-இல் மில்வாக்கி வரிசையில் இருக்கும் ஒற்றை அட்-பேட்டையும் விட்டுவிடாதீர்கள்: டிரிபிள் ஏ-வில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அட்டவணையை எக்செலுக்கோ சிஎஸ்வி-க்கோ இறக்கிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: பழைய லீக்குகளில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். காலி என்றால் பூஜ்யம் அல்ல, பதிவு இல்லை என்று அர்த்தம். அப்படியே கூட்டினால் மொத்தம் குறைந்து வரும்.

பெரிய குறை, அந்தக் கால மைனர் லீக்குக்கு ஆட்டவாரிக் கணக்கு இல்லாதது. 1933-இல் ஜோ ஹாவுசரும் 1948-இல் பாப் க்ரூஸும் எட்டிய 69 ஹோம் ரன் என்ற ஒரு சீசன் மைனர் லீக் சாதனையை பாமன் தாண்டியது சீசனின் கடைசி நாளில், 1954 செப்டம்பர் 5 அன்று, ஆர்ட்டீசியாவில். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், மூன்று ஹோம் ரன். அட்டவணையில் இது தெரியாது. ஹோம் ரன் அடித்ததும் ரசிகர்கள் வலைக்கம்பி இடுக்கில் டாலர் நோட்டுகளைச் செருகிக் கொடுத்ததும், ராஸ்வெல்லில் அவர் பெட்ரோல் பங்க் நடத்தியதும் அப்படித்தான். அதற்கு அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கமான சேபர் வெளியிடும் வாழ்க்கைக் கட்டுரைகளைப் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அவையும் இலவசம்தான்.