கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ்: பெருந்தரவின் புகழும் உண்மைத் தரமும்

பெருந்தரவு (மிகப் பெரிய அளவில் திரட்டப்படும் தரவு), தரவு அறிவியல் என்ற பெயர்களில் விற்கப்படும் எந்தச் சேவைக்கும் பணம் கட்டுவதற்கு முன், கூகுள் நிறுவனம் 2008 நவம்பரில் தொடங்கி 2015 ஆகஸ்டில் நிறுத்திய ஃப்ளூ டிரெண்ட்ஸ் சேவையின் தரத்தை ஒருமுறை அலசிப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, மருத்துவர்களிடமிருந்து வரும் ஃப்ளூ காய்ச்சல் கணக்கைத் தொகுத்து வெளியிட ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மக்கள் கூகுளில் தேடும் சொற்களை மட்டும் வைத்து அதே நிலவரத்தை ஏறக்குறைய ஒரே நாளில் சொல்லிவிடலாம் என்பதே இச்சேவை தந்த வாக்குறுதி. கட்டணம் எதுவும் இல்லை. கொள்ளைநோய் வருமுன் மருத்துவமனைகள் ஆயத்தமாகிவிடலாம் என்ற நம்பிக்கையை அது ஊட்டியது. அந்த நோக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

சேவையின் உட்புறம்தான் கவனிக்க வேண்டிய இடம். ஐந்து கோடி தேடல் சொற்றொடர்களை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 45 கோடி கணித மாதிரிகளைச் சோதித்து, சிடிசியின் பழைய கணக்கோடு மிக நெருக்கமாகப் பொருந்திய 45 சொற்றொடர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவற்றைப் பொருத்திப் பார்க்கக் கிடைத்த சிடிசி தரவுப் புள்ளிகளோ வெறும் 1,152. இவ்வளவு சொற்களை இவ்வளவு குறைவான புள்ளிகள்மேல் சலித்தால், காய்ச்சலுக்குச் சற்றும் தொடர்பில்லாதவையும் பொருந்தத்தான் செய்யும். தரவரிசையில் மேலே வந்தவற்றுள் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடலும் இருந்தது. அமெரிக்காவில் கூடைப்பந்துப் பருவமும் ஃப்ளூ பருவமும் ஒரே குளிர்காலத்தில் வருகின்றன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதை நீக்கிவிட்டார்கள் என்றாலும், பருவத்தோடு மட்டும் ஒத்துப்போகும் வேறு சொற்கள் உள்ளே தங்கிவிடவில்லை என்பதற்கு என்ன உறுதி? தேர்வான சொற்கள் எவை என்ற முழுப் பட்டியலையும் கூகுள் வெளியிடவில்லை. பொதுச் சுகாதாரத்திற்கான ஒரு சேவையில் இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2009 இளவேனிலில், வழக்கமான குளிர்காலத்திற்கு வெளியே பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 ஃப்ளூ பரவத் தொடங்கியபோது, இச்சேவை அதன் அளவைக் குறைத்தே காட்டியது. கூகுள் மாதிரியைத் திருத்தியமைத்தது. பின்னர் 2012-13 பருவத்தில், மருத்துவரிடம் செல்லும் ஃப்ளூ நோயாளிகளின் விகிதத்தைச் சிடிசி கணக்கைப்போல் இரு மடங்கிற்கும் மேலாகக் காட்டியது. 2011 ஆகஸ்டிலிருந்து பார்த்த 108 வாரங்களில் 100 வாரங்கள் அது மிகைக் கணக்கையே தந்ததாக டேவிட் லேசரும் உடன் ஆய்வாளர்களும் 2014 மார்ச்சில் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். செய்திகளைப் பார்த்துப் பயந்து தேடுபவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். அதற்கும் மேலாக, கூகுளே தன் தேடுபொறியின் பரிந்துரைகளை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தது. அளவுகோலையே நடுவழியில் மாற்றிவிட்டு அளந்தால் முடிவு எப்படிச் சரியாக இருக்கும்?

என் பார்வையில் இவையனைத்தையும்விட முக்கியமானது அதே சயன்ஸ் கட்டுரையின் வேறொரு முடிவு. சில வாரம் பழையதான சிடிசி கணக்கை முன்னோக்கி நீட்டிப் பார்க்கும் எளிய முறையே இச்சேவையைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தபோது தனித்தனியே இருந்ததைவிட மதிப்பீடு மேம்பட்டது. ஆக, தேடல் தரவில் சரக்கு இல்லாமல் இல்லை. மருத்துவமனைக் கணக்கிற்குத் துணையாக வந்திருக்க வேண்டியதை, அதற்கு மாற்றாகக் கொண்டாடியதில்தான் தவறு நேர்ந்தது.

இந்தியாவையும் உள்ளடக்கி 2011இல் வந்த டெங்கு டிரெண்ட்ஸும் இதனோடு சேர்ந்தே மூடப்பட்டது. மூடும்போது பழைய மதிப்பீடுகளைப் பொதுவில் விட்டுச் சென்றதைப் பாராட்ட வேண்டும். நோயைக் கண்காணிக்கும் தனிக் கருவியாக இச்சேவையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தரவு அறிவியல் பயிலும் மாணவர்கள் அந்த மதிப்பீடுகளையும் சிடிசி கணக்கையும் ஒரே வரைபடத்தில் வாரவாரியாக இட்டு, எந்த வாரத்தில் இரண்டு கோடுகளும் பிரிகின்றன என்று தாமே தேடிப் பார்க்கட்டும். அந்தப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருளை நான் கண்டதில்லை.