38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஏமாற்றம்

ஆற அமர எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. 38,500 ரூபாய். தீபாவளி விற்பனையில் மிச்சம் பிடித்து, என் கடைத் தளத்தைச் சரிசெய்யக் கொடுத்த பணம்.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் சுங்குடிச் சேலை விற்கிறேன். தளம் ஓர் ஆயத்த டெம்ப்ளேட்டில் ஓடுகிறது. அதில் பணம் செலுத்தும் பக்கத்தில் ‘பரிசு உறை 39 ரூபாய்’ என்ற கட்டத்தில் டிக் தானாகவே விழுந்திருக்கும். ஒவ்வொரு சேலைக்கும் கீழே ‘17 பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்று சிவப்பு எழுத்து மின்னும். நானும் வெகுநாள் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, “நான் கேட்காத உறைக்கு எதற்கம்மா காசு?” என்றபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

விசாரித்தால், வாங்குகிறவரை ஏமாற்றும் இப்படிப்பட்ட பக்க வடிவமைப்புக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. விற்பவருக்கும் அது பொருந்தும். சரி, ஒழுங்காக மாற்றிவிடுவோம் என்று ஓர் இணையதள வடிவமைப்பு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் போடவில்லை, வழக்கு, கிழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். வீடியோ அழைப்பில் வந்த பையன் என் தளத்தைத் திறந்து, தானே ஒரு சேலையைக் கூடையில் போட்டான். டிக் விழுந்திருந்த கட்டத்தைச் சுட்டி, “அக்கா, வாங்குகிறவர்கள் சொல்லாமல் இது கூடைக்குள் வரக் கூடாது” என்றான். தள்ளுபடியை மறுக்கும் பொத்தானில் ‘வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாக வேண்டியதில்லை’ என்று எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டு, “இது ஆளைக் கூச வைத்துப் பணம் பிடுங்குவது அக்கா” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? முழுப் பணத்தையும் அன்றைக்கே அனுப்பினேன். கணக்கைச் சரிபார்க்க 1 ரூபாய் வேண்டும் என்று இன்னொரு இணைப்பு வந்தது. அதிலும் பின் எண்ணைத் தட்டினேன்.

மூன்றாவது வாரம் புதிய பக்கம் வந்தது. டிக்கும் இல்லை, கட்டமும் இல்லை. மனம் குளிர்ந்தது. பிறகு ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: “1,450 என்று போட்டுவிட்டு 1,489 வாங்குகிறீர்களே?” அதே 39 ரூபாய்தான். ‘கையாளும் கட்டணம்’ என்று பெயர் மாற்றி, கடைசித் திரையில் மொத்தத் தொகையோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். முன்பாவது டிக்கை எடுத்துவிட ஒரு வழி இருந்தது. சிவப்பு எழுத்தும் போகவில்லை, ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. அக்காள் மகன் நிரலைப் பிரித்துப் பார்த்தான். 11க்கும் 29க்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கிப் போடும் ஒரே ஒரு வரி. பார்க்கிறவர்களை அது எண்ணவே இல்லை.

கேட்டால் முதலில் “திங்கட்கிழமை சரியாகிவிடும்.” எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. பிறகு “புகார் எண் பதிவாகியிருக்கிறது, குழு பார்க்கிறது மேடம்.” பணம் போனதும் அக்கா மேடமாகிவிட்டேன். அப்புறம் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். கடைசியாக வந்த மின்னஞ்சல்: அந்த எழுத்து டெம்ப்ளேட்டோடு வந்ததாம், தங்கள் வேலை வரம்பில் இல்லையாம். அதை எடுக்கத்தானே 38,500 கொடுத்தேன்!

இதற்கு நடுவில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 999 ரூபாய் பிடித்தம். அந்த 1 ரூபாய் சரிபார்ப்பு அல்ல. மாதாமாதம் ‘பராமரிப்பு’க்குப் பிடித்துக்கொள்ள நான் கொடுத்த யுபிஐ ஆட்டோபே அனுமதி. சந்தாப் பொறியும் அந்த 13இல் ஒன்று. அதை எனக்குப் பாடம் நடத்தியதும் இதே நிறுவனம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். என்னென்ன நீக்கப்படும் என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்தது என்றதும் உங்கள் கடையில் நீங்களே கைபேசியில் ஒரு பொருள் வாங்கி, முதலில் காட்டிய விலையும் கடைசியில் கேட்கிற விலையும் ஒன்றா என்று பாருங்கள். நான் டிக் போய்விட்டதை மட்டும் பார்த்தேன். 1 ரூபாய்தானே என்று பின் எண்ணைப் போடாதீர்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கேயே ரத்து செய்யலாம். நான் ரத்து செய்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிட்டிருக்கிறேன்.

புதிய பக்கத்தில் வாங்கியவர்கள் 61 பேர். எல்லோருக்கும் 39 ரூபாயைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 22 பேர் பாக்கி.