சொந்தமாகக் கட்டிய லினக்ஸ் கர்னல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டெபியன் என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தருகிற கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, விட்டுவிட்டு, மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்து ஓட்ட ஆரம்பித்தது 5.10 பதிப்பின் காலத்தில். அப்புறம் 6.1, 6.6 என்று நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகளாகப் பார்த்து மாறி, இப்போது 6.12இல் இருக்கிறேன். 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப், என்விஎம்இ டிஸ்க், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் கிரப். வீட்டில் ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள டெஸ்க்டாப் ஒன்றும் இதே வழியில்தான் ஓடுகிறது.

வேகம் கூடும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். அன்றாட வேலையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த பலன் வேறு. ஒரு பதிப்பில் லேப்டாப் தூங்கி எழும்போது திரை வரவில்லை என்றால், எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று கிட் மென்பொருளின் பைசெக்ட் கட்டளையை வைத்து நாமே தேடலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் ஏறத்தாழ பத்து கம்பைலில் ஆளைப் பிடித்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே இத்தனை வருடமும் இதை விடாமல் செய்கிறேன்.

பூட் ஆகாமல் நிற்பதுதான் பலரையும் பயமுறுத்துகிறது. கிரப், கர்னல், இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்துக்குத் தேவையான டிரைவர்களும் கருவிகளும் உள்ள தற்காலிகக் கோப்புத் தொகுப்பு), ரூட் பகிர்வு (லினக்ஸ் நிறுவப்பட்ட பகிர்வு), சிஸ்டம்டி (மற்ற சேவைகளைத் தொடங்கும் நிரல்) என்ற வரிசையில் வண்டி எந்த நிறுத்தத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் பூட் அளவுருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிட, திரையில் கடைசியாக வந்த பத்து வரிகளை ஃபோனில் படம் பிடித்து நிதானமாகப் படிப்பது மேல்.

உதாரணத்துக்கு, எல்லோரும் ஒருநாள் பார்க்கப்போகும் அந்த வரி: ‘அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)’. இது கர்னல் பேனிக், அதாவது ரூட் பகிர்வை மவுன்ட் செய்ய (இணைக்க) முடியாமல் கர்னல் நின்றுவிட்டது. அந்த இரண்டு எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 0,0 என்றால் ரூட் டிஸ்க் எது என்றே கர்னலுக்குத் தெரியவில்லை. முதல் எண் 8 என்று வந்தால் சாட்டா அல்லது யூஎஸ்பி டிஸ்க், 259 என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 8, 259 எது வந்தாலும் டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத்தான் தெரியவில்லை என்று பொருள். எக்ஸ்ட்4ஐ மாட்யூலாக (தேவைப்படும்போது தனியாக ஏற்றும் துண்டாக) வைத்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்தால் இப்படித்தான் ஆகும். அந்த வரிக்குச் சற்று மேலே, கிடைத்த பகிர்வுகளின் பட்டியலையும் கர்னல் அச்சிடும். பட்டியல் காலி என்றால் டிஸ்க் டிரைவரைத் தேடுங்கள்.

0,0 வந்ததும் டிஸ்க் டிரைவரை மட்டும் சந்தேகிப்பதும் சரியல்ல. கோப்பு முறைமையின் யூயூஐடி என்ற அடையாள எண்ணைப் பார்த்துப் பகிர்வைக் கண்டுபிடிக்கிற வேலையைச் செய்வது இனிட்ராம்எஃப்எஸ். இந்த வகை எண்களில் கர்னலுக்குத் தனியாகத் தெரிந்தது பகிர்வுக்கே உரிய பார்ட்யூயூஐடி மட்டும்தான். எனவே இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை என்றால், டிஸ்க் டிரைவர் உள்ளேயே இருந்தாலும் இதே 0,0 வரும். அது ஏறாமல் போவதற்கு எளிதில் கண்ணில் படாத ஒரு காரணம் சுருக்க முறை. இசட்எஸ்டிடி முறையில் சுருக்கிய இனிட்ராம்எஃப்எஸைப் பிரிக்கும் வசதி 5.9இல்தான் கர்னலுக்கு வந்தது. கர்னலில் எதெது இருக்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பில் பழையதைக் கொண்டுவந்து புதிய டிஸ்ட்ரோவில் கட்டினால் அது அணைந்தே இருக்கலாம். ‘இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்டு’ என்ற வரி பேனிக்குக்கு வெகு மேலே போய்விடும். கீழே மட்டும் பார்த்தால் தெரியாது.

என் லேப்டாப் வகைக்கு இன்னொன்றும் உண்டு. 11ஆம் தலைமுறை இன்டெல் கணினிகள் பலவற்றில் பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். என்விஎம்இ டிஸ்க் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். என்விஎம்இ டிரைவரைக் கர்னலோடு சேர்த்தே கட்டியிருந்தாலும், விஎம்டி டிரைவர் இல்லாமல் டிஸ்க் தெரியவே தெரியாது. டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் போய் நின்றால், அங்கே டிஸ்க் பகிர்வுகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளையை அடித்துப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

கான்ஃபிக் விஷயத்தில் என் பரிந்துரை: பூட் அடைவில் இருக்கும் டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை எடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பைப் போடும்), பிறகு மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய லோக்கல்மாட்கான்ஃபிக் 2.6.32 முதல் கர்னலில் இருக்கிறது. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். கம்பைல் நேரம் பலமடங்கு குறையும். ஆனால் இப்போது ஏறாதது எதுவுமே அதற்குத் தெரியாது. அதை ஓட்டும் முன் யூஎஸ்பி ஈதர்நெட், ஃபோன், வெப்கேம், பிரின்டர் எல்லாவற்றையும் செருகுங்கள், விபிஎன்னை இணையுங்கள், டாக்கரை ஓடவிடுங்கள். பிறகு மெனுகான்ஃபிக் என்ற தேர்வுப் பட்டியலில் கையால் வெட்டுகிறவர்கள் மொழித்தொகுப்பு மாட்யூல்களில் கை வைக்க வேண்டாம். கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ8859-1 போன்றவை வேண்டாதவை மாதிரி தெரியும். அவை போனால் பூட் கோப்புகள் உள்ள ஈஎஃப்ஐ பகிர்வு மவுன்ட் ஆகாது, சிஸ்டம்டி எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துவிடும்.

டெபியன், உபுண்டு கான்ஃபிக்கோடு கட்டும்போது சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் நிற்கும். நம்பகமான சாவிகளுக்கான மதிப்பையும், உபுண்டுவில் ரத்தான சாவிகளுக்கான மதிப்பையும் காலியாக்கினால் போதும். டீபக் தகவலை அணைத்துவிடுங்கள், அல்லது மாட்யூல்களை நிறுவும்போது ஸ்ட்ரிப் செய்யச் (அதை நீக்கச்) சொல்லுங்கள். இல்லாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பிக்கு வீங்கி, பூட் பகிர்வு நிரம்பி, பாதி எழுதப்பட்ட கோப்போடு மறுபடியும் அதே 0,0 பேனிக்.

கறுப்புத் திரைதான் இருப்பதிலேயே கஷ்டம், ஏனென்றால் படிக்க எதுவுமில்லை. கேப்ஸ்லாக் விளக்கு மினுக்குகிறதா பாருங்கள். மினுக்கினால் அது பேனிக். மினுக்காவிட்டால் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் செய்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால் திரை மட்டும்தான் பிரச்சினை. ஏஎம்டி டெஸ்க்டாப்பில் எனக்கு அடிக்கடி வந்தது இந்த வகை. கிராபிக்ஸ் டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே கட்டினால், ரூட் டிஸ்க் மவுன்ட் ஆகும் முன்பே அது ஃபர்ம்வேரைத் தேடும், கிடைக்காது. மாட்யூலாகவே விட்டுவிடுவது நிம்மதி. 6.10இல் வந்த டிஆர்எம் பேனிக் வசதியை மறக்காமல் இயக்குங்கள். கிராபிக்ஸ் டிரைவர் ஆதரித்தால் பேனிக் செய்தி திரையிலேயே தெரியும், 6.12 முதல் அதை க்யூஆர் குறியாகவும் காட்டச் சொல்லலாம். இத்தனை வருடத்தில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத கர்னலை ஏற்காத பாதுகாப்பு) இயங்கும் கணினியில் ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ வந்தால் கான்ஃபிக்கை நோண்டிப் பயனில்லை. கர்னல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, கையொப்பம்தான் குறை.

நான் எப்போதும் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஒவ்வொரு கட்டுதலுக்கும் லோக்கல்வெர்ஷனில் (பதிப்பு எண்ணோடு ஒட்டும் பின்னொட்டில்) தனிப் பெயர், அப்போதுதான் பழைய மாட்யூல்கள் மேல் புதியவை எழுதப்படாது. டெபியனின் கர்னல் ஒன்று எப்போதும் கூடவே இருக்கும். கிரப்பின் இயல்புத் தேர்வை ‘சேவ்டு’ என்று வைத்து, கிரப்-ரீபூட் கட்டளையால் புதிய கர்னலை ஒரே ஒரு தடவைக்கு மட்டும் தேர்ந்தெடுப்பேன். அதன் பூட் வரியில் பேனிக்=30 இருக்கும். பேனிக் ஆனால் அரை நிமிடத்தில் தானே ரீபூட் ஆகி பழைய கர்னலுக்கு வந்துவிடும். பூட் அடைவு பிடிஆர்எஃப்எஸிலோ எல்விஎம்மிலோ இருந்தால் இந்த ஒருதடவைத் தேர்வை கிரப்பால் பெரும்பாலும் அழிக்க முடியாது, எக்ஸ்ட்4இல் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான், ஆனால் பெரியது. ஒரு பதிப்புக்கான திருத்தங்களைக் கொண்ட ஸ்டேபிள் வெளியீடுகள் கிட்டத்தட்ட வாராவாரம் வருகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்குள்தான் இருக்கும். டிஸ்ட்ரோ கர்னலில் ஆப்ட் அப்கிரேட் என்ற ஒரே கட்டளையோடு முடிகிற வேலை, இங்கே நம் தலையில். என் லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் அதைச் சந்தோஷமாகச் செய்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் இன்றுவரை டெபியனின் கர்னல்தான் ஓடுகிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை.