வீட்டு சோலார் பேட்டரிக்கு மாஸ்ஃபெட் பிஎம்எஸ்ஸா, காண்டாக்டரா?

280 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16, வரிசையில். கூடவே 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர். முழு லோடில் பேட்டரியிலிருந்து 110 ஆம்பியர் ஓடும். ஆபத்து வந்தால் அதை அறுக்கும் வேலையை எதனிடம் கொடுப்பது?

பிஎம்எஸ் என்பது செல்களைக் கண்காணித்துக் காக்கும் பலகை. ஜேகே, டேலி போன்ற பிஎம்எஸ்களில் மாஸ்ஃபெட்டுகளே (அசையும் பாகமில்லாத மின்னணு டிரான்சிஸ்டர்கள்) சுவிட்ச். விலை குறைவு, தனக்கென இழுக்கும் மின்சாரமும் சொற்பம். ஒரு செல் மேல் எல்லையைத் தாண்டினால் சார்ஜை மட்டும் நிறுத்தும். வீட்டில் விளக்கு அணையாது. ஒற்றைக் காண்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய ரிலே) என்றால் சார்ஜும் லோடும் சேர்ந்தே போகும். ஆனால் மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டும், கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

காண்டாக்டர் தொடர்பை நிஜமாகவே பிரிக்கும். காயில் 10 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி வீண். இன்வெர்ட்டரின் காலிக் கெப்பாசிட்டர்கள் முதல் நொடியில் இழுக்கும் கரண்டில் அதன் முனைகளும் ஒட்டிக்கொள்ளும். 50 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி ப்ரீசார்ஜ் (கெப்பாசிட்டர்களை முன்கூட்டியே மெல்ல நிரப்புவது) செய்வது கட்டாயம். மாஸ்ஃபெட் பிஎம்எஸ்ஸுக்கும் இதே ப்ரீசார்ஜ் நல்லது. இல்லையேல் ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து ட்ரிப் ஆகும்.

5 கிலோவாட் வீட்டுக்கு 200 ஆம்பியர் மாஸ்ஃபெட் பிஎம்எஸ் போதும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. தனி செல் மானிட்டர் ஒன்றின் ரிலேயை ஷன்ட்-ட்ரிப் டிசி பிரேக்கருக்கு (வெளியிலிருந்து சிக்னல் வந்தால் விழும் பிரேக்கர்) கொடுங்கள். அந்தக் காயில் ட்ரிப் ஆகும்போது மட்டுமே மின்சாரம் கேட்கும். பேட்டரி பாசிட்டிவை ஒட்டி கிளாஸ் T ஃப்யூஸ் (பெரும் ஷார்ட் கரண்டையும் அறுக்கக்கூடியது). இந்த செல்கள் ஷார்ட்டில் 10,000 ஆம்பியரைத் தொடக்கூடியவை. அதை அறுக்கும்போது எழும் டிசி ஆர்க்கை (மின்பொறியை) சாதாரண ஏசி எம்சிபி அணைக்காது.

அறுக்கும் வரிசைதான் உயிர். முதலில் இன்வெர்ட்டர்: சார்ஜ் 55.2 வோல்ட், லோ கட்-ஆஃப் 48. அடுத்து பிஎம்எஸ்: செல்லுக்கு மேலே 3.60, கீழே 2.70 வோல்ட். கடைசியாக ஷன்ட்-ட்ரிப்: 3.70, 2.50. வெயில் உச்சத்தில் சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் திடீரென அறுத்தால், ஏறும் வோல்டேஜ் இன்வெர்ட்டரைத் தாக்கும். மாதம் ஒருமுறை பிஎம்எஸ் அறுக்கிறது என்றாலும் செட்டிங் தவறு என்றே கொள்ளுங்கள். மொட்டை மாடி அறையில் வைத்தால் 55 டிகிரியில் சார்ஜ் நிற்கும்படி அமையுங்கள்.

செல்களின் சார்ஜைச் சமன் செய்யும் பேலன்சிங்கில் பிஎம்எஸ்களிடையே வித்தியாசம் பெரிது. ஒரு செல் 5 ஆம்பியர்-மணி முந்தியிருக்கிறது என்று வையுங்கள். மிகுதியை வெப்பமாக எரிக்கும் 50 மில்லிஆம்பியர் பாஸிவ் பேலன்சருக்கு 100 மணி நேரம் வேண்டும். அதை மற்ற செல்லுக்கு மாற்றும் 2 ஆம்பியர் ஆக்டிவுக்கு இரண்டரை மணி சொச்சம். எதுவானாலும் 3.42 வோல்டுக்கு மேல்தான் தொடங்க வேண்டும். எல்எஃப்பியின் நடுப்பகுதியில் வோல்டேஜ் ஏறக்குறைய தட்டை; அங்கே பேலன்ஸ் செய்தால் சரியான செல்லையே கெடுக்கும். லோடு போடும்போது மட்டும் ஒரு செல் இறங்கினால் முதலில் செல்களை இணைக்கும் பஸ்பார் பட்டையின் நட்டைப் பாருங்கள்.

ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பிஎம்எஸ்ஸுக்குச் சொல்லும் சென்ஸ் ஒயர் பிளக்கைச் செருகுமுன், கறுப்பு ஒயரிலிருந்து ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரால் தொடுங்கள்: 3.3, 6.6, 9.9 என்று ஏறி 52.8-இல் முடிய வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் பிஎம்எஸ் அங்கேயே எரியலாம்.

பிறகு கட்-ஆஃபைச் சோதியுங்கள். குறைந்த கரண்டில் சார்ஜ் ஏறி, செல்கள் 3.32-இல் இருக்கும்போது மேல் எல்லையை 3.30 ஆக்குங்கள். கிளாம்ப் மீட்டரில் சார்ஜ் கரண்ட் பூஜ்யமாக வேண்டும், லோடு ஓட வேண்டும். எல்லையை மறக்காமல் 3.60-க்குத் திருப்புங்கள்.