செர்ரி இறால் வளர்ப்போருக்கு ஏபிஐ கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி: செட்டிநாட்டுத் தண்ணீரில் இரண்டு ஆண்டுப் பயன்பாடு

கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றில் செர்ரி இறால் என்னும் சிறு நன்னீர் அழகு இறாலை வளர்த்து வருகிறேன். வளர்ந்த பெண் இறாலே மூன்று செ.மீ.க்கு மேல் போகாது. நம் பக்கத்தில் இந்த அளவு இறாலைக் கூனி என்று சொல்லிக் காயவைத்துப் பொடியாக்கித்தான் பழக்கம் என்பதால், இதைக் கண்ணாடிக்குள் வைத்து வளர்ப்பதைப் பார்க்க இன்றும் தெருவிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். தொட்டி, பஞ்சு வடிகட்டி, காற்று மோட்டார், ஜாவா பாசி, தீவனம் என்று இதற்காக நான் வாங்கியவை பல. அவற்றுள் இறால்களின் உயிரைக் காத்தது எது என்று கேட்டால், தயங்காமல், தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஏபிஐ நிறுவனத்தின் ஜிஹெச், கேஹெச் சொட்டுச் சோதனைப் பெட்டியைத்தான் சொல்வேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். அப்போது அது அதிகமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

இந்தப் பெட்டியை வாங்க வேண்டி வந்ததற்கு முதல் தொகுதி இறால்கள் செத்ததே காரணம். மதுரையில் ஒரு கடையில் இருபது இறால் வாங்கி வந்தேன். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் வெள்ளை படியும் என்பதால், அது ஆகாது என்று நானே முடிவு செய்து, சமையலறை ஆர்ஓ கருவியின் தண்ணீரை மட்டுமே தொட்டியில் நிரப்பியிருந்தேன். முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்தன. இரண்டாம் வாரம் முதல் இரண்டு நாளைக்கு ஒன்று என்று சாகத் தொடங்கின. செத்தவற்றை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது, தலைப் பகுதியும் உடலும் சேரும் இடத்தில் உடலைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று, மெல்லிய மோதிரம் போட்டாற்போல், எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தக் கோட்டின் பொருளை இறால் வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இறாலுக்கு எலும்பு இல்லை. வளர வேண்டுமானால் பழைய மேலோட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே உருவான புதிய மேலோட்டோடு வெளியே வர வேண்டும். முதுகுப் பக்கம் தலையும் உடலும் சேரும் இடத்தில் பழைய ஓடு பிளந்து, இறால் ஒரே துள்ளலில் அதன் வழியாக வெளியேறிவிடும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் போதாமல் இருந்தாலும், தண்ணீரின் தன்மை திடீரென மாறினாலும், இந்தத் தோலுரிப்பு பிசகும். முதுகில் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு சுற்றிலும் விரிந்து நிற்கும். இறால் அதிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போகும். நான் சுத்தம் என்று நம்பி ஊற்றிய ஆர்ஓ தண்ணீரில் அவற்றின் ஓட்டுக்கு வேண்டிய எதுவுமே இல்லை.

ஜிஹெச் என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் மொத்த அளவு. கேஹெச் என்பது கார்பனேட் கடினத்தன்மை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஹெச் திடீரென இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் தன்மை. செர்ரி இறாலுக்கு ஜிஹெச் ஆறு முதல் எட்டு வரையும், கேஹெச் இரண்டு முதல் எட்டுக்குள்ளும் இருந்தால் போதும். இந்த இரண்டையும் வீட்டிலேயே அளந்து சொல்வதுதான் இந்தப் பெட்டியின் வேலை.

பயன்படுத்தும் முறை எளியது. உடன் வரும் கண்ணாடிக் குழாயில் ஐந்து மி.லி. கோடு வரை தொட்டித் தண்ணீரை எடுத்து, ஜிஹெச் புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். இப்படி ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கிக்கொண்டே போனால், ஏதோ ஒரு சொட்டில் ஆரஞ்சு மாறிப் பச்சையாகிவிடும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் ஜிஹெச். கேஹெச் புட்டியிலும் அதே முறைதான். அதில் நீலம் மஞ்சளாகும். ஒரு சொட்டு ஒரு பாகை. அது லிட்டருக்கு 17.9 மி.கி. கடினத்தன்மைக்குச் சமம். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறி எண்ணிக்கை பிழைபடும். இன்னும் நுட்பமாக அறிய விரும்பினால் ஐந்துக்குப் பதில் பத்து மி.லி. தண்ணீர் எடுக்கலாம், அப்போது ஒரு சொட்டு அரைப் பாகையாகும். சோதித்த தண்ணீரை மறந்தும் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது.

பெட்டி வந்த அன்று மாலையே வீட்டில் இருந்த தண்ணீர் அனைத்தையும் அளந்தேன். ஆழ்குழாய்த் தண்ணீர் பதினெட்டாம் சொட்டில்தான் பச்சையானது. அதன் கேஹெச் பதினான்கு. ஆர்ஓ தண்ணீரில் முதல் சொட்டே பச்சையாக விழுந்தது. ஓட்டுக் கூரையின் கூடல்வாயிலிருந்து விழுந்த மழைத் தண்ணீரும் அப்படியே. ஆனால் பழைய சுண்ணாம்புக் காரைத் தளம் போட்ட மொட்டை மாடியிலிருந்து குழாய் வழி இறங்கிய மழைத் தண்ணீர் மூன்று சொட்டு வாங்கியது. ஒரே வீட்டின் மேல், ஒரே மழையில் பெய்த தண்ணீர் அது. காரையைத் தொட்டு வந்த வழியிலேயே கடினமாகியிருக்கிறது. நம் வீடுகளில் மழைத் தண்ணீரைப் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் கணக்கு எளிதாயிற்று. இருபது லிட்டர் வேண்டுமானால் எட்டு லிட்டர் ஆழ்குழாய்த் தண்ணீரும் பன்னிரண்டு லிட்டர் ஓட்டுக் கூரை மழைத் தண்ணீரும் கலந்தால் ஜிஹெச் ஏழு, கேஹெச் ஆறுக்குள் வந்துவிடும். அளந்தும் பார்த்தேன், அப்படியே வந்தது. கடையில் விற்கும் தாதுப் பொடி எதுவும் வாங்கத் தேவையில்லாமல் போயிற்று. கடினத் தண்ணீர் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் நம் கிணற்றுத் தண்ணீரிலேயே இறாலுக்கு வேண்டிய சத்து இருக்கிறது. அதில் எவ்வளவு மென்தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வது என்பது மட்டும் தெரிந்தால் போதும். இந்தக் கலவையில் இரண்டாம் தொகுதி இறால்களை விட்டேன். தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் கலந்து பழக்கியபின் விட்டதும் உதவியிருக்கும். வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்துகொண்டு வாலடித் துடுப்புகளால் அவற்றுக்கு ஓயாமல் விசிறிக்கொண்டிருந்த முதல் பெண் இறாலை இரண்டாம் மாதம் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு மாதம் சுமந்தது. பிறகு ஒருநாள் காலையில், பாசியின் நுனியில் கண்ணிமை முடியளவு குஞ்சு ஒன்று, உருவில் தாயைப் போலவே, ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

டிடிஎஸ் பேனா இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். ஆர்ஓ பழுது பார்க்க வருபவரிடம் இருக்கும் அந்தப் பேனா, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர, கரைந்திருப்பது உப்பா சுண்ணாம்பா என்று பிரித்துச் சொல்லாது. என் மைத்துனர் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடும் கருவி. அங்கே டிடிஎஸ் பேனா நானூறைத் தாண்டிக் காட்டியது; இந்தப் பெட்டியில் முதல் சொட்டிலேயே பச்சை. பேனாவை மட்டும் நம்பியிருந்தால், அந்தத் தண்ணீரில் சத்து மிகுதியென்று எண்ணி இறாலை விட்டிருப்பார். பேனா வேண்டாம் என்று சொல்லவில்லை. தினசரி மாற்றத்தைப் பார்க்க அது விரைவானது. ஆனால் முதலில் வாங்க வேண்டியது சொட்டுப் பெட்டி.

கோடையில்தான் இதன் அருமை முழுதும் தெரியும். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீரின் வெப்பம் முப்பது பாகை செல்சியஸைத் தாண்டும். செர்ரி இறாலுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தாறு வரை இதமானது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதனால் மேல்மூடியை எடுத்துவிட்டு, சிறு மின்விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மீது ஓடவிடுகிறேன். இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. ஆனால் அதற்கேற்பத் தண்ணீரும் ஆவியாகிறது. முதல் கோடையில் நாளுக்கு அரை லிட்டர் குறைந்தது. அதை ஆழ்குழாய்த் தண்ணீர் கொண்டே ஈடு செய்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பது நாளுக்குப் பின் அளந்தபோது ஏழாக இருந்த ஜிஹெச் பதினான்காக ஏறியிருந்தது. கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குஞ்சுகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தது. ஒரே நாளில் தண்ணீரை மாற்றிச் சரிசெய்தால் அந்த அதிர்ச்சியிலேயே தோலுரிப்பு பிசகும் என்பதால், வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று மெல்ல மெல்ல மாற்றி, இரண்டரை மாதத்தில் எட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது கோடையில் ஆவியாகும் தண்ணீரை மழைத் தண்ணீராலோ ஆர்ஓ தண்ணீராலோ மட்டுமே ஈடு செய்கிறேன்.

இனி, இந்தப் பெட்டியால் அறிய முடியாதவற்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஐப்பசி மழையில், வழக்கமான பிளாஸ்டிக் டிரம் நிரம்பிவிட்டதால், அப்பத்தா காலத்துச் செப்பு அண்டாவை வளவில் கூடல்வாய்க்கு நேரே வைத்துத் தண்ணீர் பிடித்தோம். நான்கு நாள் அதில் கிடந்த தண்ணீரைத்தான் வழக்கமான கலவையில் சேர்த்தேன். ஊற்றும் முன் அளந்தேன். ஜிஹெச் ஏழு, கேஹெச் ஆறு. ஊற்றிய அன்று இரவே இறால்கள் ஒருக்களித்துக் கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. மறுநாள் மாலைக்குள் நாற்பதுக்கு மேல் செத்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகளும் உதிர்ந்து கிடந்தன. அதே தண்ணீர் ஊற்றிய பக்கத்துத் தொட்டியின் கப்பி மீன்கள் மட்டும் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்தன. மீன் தாங்கிக்கொள்ள, இறாலும் நத்தையும் சாகின்றன என்றால் முதலில் செம்பைத்தான் ஐயப்பட வேண்டும். மழைத் தண்ணீர் மென்மையானது, சற்றே அமிலத்தன்மை உடையது. கடினத் தண்ணீரைவிட எளிதில் செம்பைக் கரைத்துக்கொள்ளும். மனிதருக்கு நல்லதென்று நாம் செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கும் தண்ணீர், மிகச் சிறிய அளவிலும் இறாலுக்கு நஞ்சு. ஜிஹெச் சொட்டு அதைக் காட்டாது. காட்டுவதாகப் பெட்டியும் சொல்லிக்கொள்ளவில்லை. செம்புக்குத் தனிச் சோதனை விற்கிறார்கள். பழைய வீட்டுப் பாத்திரங்களில் தண்ணீர் பிடிப்பவர்கள் அதையும் வாங்கிவிடுவது நல்லது.

இறாலுக்கு நஞ்சான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் கூட இது அளக்காது. புதிய தொட்டியை இறால் விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, அவை இரண்டும் சுழியமான பிறகே இறால் விட வேண்டும். அதற்கும் தனிச் சோதனைதான்.

நிறம் பற்றி ஒரு சொல். மஞ்சள் விளக்கொளியில் ஆரஞ்சு பச்சையாகும் கட்டத்தைப் பிரித்தறிவது கடினம். நான் பகலில், வளவு வெளிச்சத்தில், குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துத்தான் பார்க்கிறேன். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத என் அண்ணனுக்கு ஜிஹெச் சோதனை ஒத்துவரவில்லை. அவர் வீட்டில் மகள்தான் அளந்து சொல்கிறாள்.

கப்பி, மோலி மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை; அவை நம் கடினத் தண்ணீரிலேயே நன்றாக வளரும். கிரிஸ்டல் வகை இறால்களை விரும்புவோருக்குக் கேஹெச் ஏறக்குறைய சுழியமாகவும், தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்பதால், குளிரூட்டும் கருவி இல்லாமல் நம் ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செர்ரி இறால் வளர்க்க எண்ணுபவர்கள் இறால் வாங்கக் கிளம்பும் முன்பே இந்தப் பெட்டியை வரவழைத்து, தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆர்ஓ, மழை அனைத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் தாள் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. கடைசி வரியில், செப்பு அண்டாத் தண்ணீர் கூடாது என்று மகன் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறான்.