சாமை, ராகி, இரும்புக் கல்: சேலத்துச் சமையலறையில் இரண்டு வருடப் பயன்பாடு

இரண்டு வருடம் தினமும் அடுப்பில் வைத்துப் பார்த்ததில் முதலில் சொல்ல வேண்டியது இது: சாமை ருசிக்காது என்று கைவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் தவறியது தண்ணீர் அளவும் ஊறும் நேரமும்தான். தானியத்தின் மேல் குற்றமில்லை.

வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் வாங்கினாலும், தெருமுனை மளிகையில் வாங்கினாலும், பால்வெள்ளையாக மின்னும் சாமையை எடுக்காதீர்கள். தவிடு முழுக்கத் தீட்டிப் போயிருக்கும். லேசாகப் பழுப்பு கலந்து மங்கலாக இருப்பதே நல்லது. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும்; வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஒரு தடவைக்கு 2 கிலோ போதும். கல் இருக்கும், அரித்தே ஆக வேண்டும்.

சோறு வடிக்க 1 டம்ளர் சாமையை நாலு தண்ணீர் கழுவி, 30 நிமிடம் ஊறவைத்து, குக்கரில் இரண்டரை டம்ளர் தண்ணீர், 2 விசில். திறந்த பாத்திரமென்றால் 3 டம்ளர். ஊறாமல் வைத்தால் வெளியே குழைந்து நடுவில் நறநறவென்று நிற்கும். ஆறினால் விறைத்துப்போவது சாமையின் குணம். அதனால் மதிய டப்பாவுக்கு வெறும் சோறாகக் கட்டாதீர்கள். தயிர்ச்சோறு என்றால் மூன்றரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, கொஞ்சம் பால் ஊற்றிவிட்டால் மத்தியானம் வரை இளகியே இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 கிராம் சாமையில் நார்ச்சத்து சுமார் 6 கிராம், தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட 350தான். சாமைதானே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் எடை குறையாது. ராகியைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், மாவு அவ்வளவு நைசாக இருப்பதால். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்து அளவை முடிவு செய்வதே சரி.

இட்லிக்கு முழுக்கச் சாமை போட்டால் தட்டையாக, வறண்டு வரும். நிலைத்து நின்ற அளவு: இட்லி அரிசி 2, சாமை 2, முழு வெள்ளை உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். சாமையைத் தனியாக 3 மணி நேரம் ஊறவைத்து, ரவைப் பதத்தில் அள்ளிவிட வேண்டும். வெண்ணெயாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். சேலத்துச் சித்திரையில் 6 மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்கு ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாது. அடுப்பு மேடையின் சூட்டருகே, கம்பளி சுற்றி வைக்க வேண்டும்.

களிதான் நம் பக்கத்து ஆட்களுக்கு உயிர், அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கால் டம்ளர் அரிசி நொய்யை 3 டம்ளர் தண்ணீரில் நன்றாக வேகவிடுங்கள். ராகி மாவு 1 டம்ளர். அதில் 2 ஸ்பூனை மட்டும் பச்சைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுங்கள். மிச்ச மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், துடுப்புக் காம்பால் குவியலில் நாலைந்து ஓட்டை போட்டு, மூடி, சிறுதீயில் 10 நிமிடம். ஓட்டை வழியாகக் கொதி மேலே வந்து மாவு நனைந்த பிறகுதான் துடுப்பைப் போட வேண்டும். கொட்டியவுடன் கிளறினால் மேல்மாவு வெந்து உறை கட்டி, உள்ளே காய்ந்த மாவு அப்படியே சிக்கிக்கொள்ளும், அதுதான் கட்டி. ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் இருப்பது பதம். கீரைக் கடைசல் இருந்தால் வேறெதுவும் கேட்காது.

ஜவ்வரிசி நம் ஊரின் பெருமை. ஆனால் அது ஏறக்குறைய மாவுச்சத்து மட்டும். உப்புமாவாகச் செய்தால் வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, வேகவைத்த பச்சைப்பயறு ஒரு கைப்பிடி சேர்த்தால்தான் பசி தாங்கும்.

இரும்புக் கல்லால் எண்ணெய் குறைந்தது உண்மை. தோசைக்கு ஒன்றரை டீஸ்பூன் ஊற்றிய இடத்தில் அரை டீஸ்பூன் போதும், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால். ஆனால் அதே கல்லில் சப்பாத்தி போடாதீர்கள். காய்ந்த சூட்டில் எண்ணெய்ப் படிவம் போய், மறுநாள் தோசை பிய்ந்து வரும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையேல் கறுத்துத் துவர்க்கும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லியோ இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

குழம்பில் எண்ணெயைப் பாதியாக்க ஒரே வழி, வெங்காயத்தைச் சிட்டிகை உப்போடு மூடிபோட்டு அதன் நீரிலேயே வதக்குவது. மிச்சம் பிடித்த நல்லெண்ணெயில் ஒரு ஸ்பூனை இறக்கும்போது ஊற்றினால் வாசனை நாலு ஸ்பூன் போல இருக்கும்.

உப்புதான் கடினம். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஒரே நாளில் பாதியாக்கினால் தட்டு திரும்பி வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் ஸ்பூன் குறைத்தால் யாருக்கும் தெரியாது. பொரியலுக்கு உப்பில் பாதியைக் கடைசியில் தூவினால் நாக்கில் முதலில் படும். மாங்காய் சீசனில் பருப்பில் நாலு துண்டு மாங்காய் போட்டால் புளிப்பே உப்பின் குறையை மறைக்கும். ஏற்காட்டு மிளகை இடித்து, இறக்கிய பிறகு போடுங்கள். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

உப்பைக் குறைக்க என்று விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது.